படித்தால் மட்டும் போதுமா? கண்ணகி வழக்கு சொல்லித்தரும் வாசிப்புப் பாடம்

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. படிக்கிறோம், பதறுகிறோம், குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்கிறோம். ஆபீஸ் மெயில் வருகிறது. ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'நோட்டட்' என்று பதில் போடுகிறோம். மெட்ரோவில் போகும்போது நாலு செய்தி, ஆறு விளம்பரம், பத்து ரீல்ஸ் கேப்ஷன். ஒரு நாளைக்கு நாம் படிக்கும் வரிகளை எண்ணினால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஆக, நாம் படிக்காத தலைமுறை இல்லை. ஆனால் படித்த பிறகு 3 கேள்விகளைக் கேட்கிறோமா என்பதுதான் விஷயம். இது மொத்தத்தில் என்ன சொல்ல வருது? சொல்லாம விட்டது என்ன? என்னை என்ன செய்ய வைக்கப் பார்க்குது?

பள்ளியில் இவற்றுக்குப் பெரிய பெயர்கள் வைத்திருந்தார்கள். முதலாவது மையக்கருத்து. இரண்டாவது உய்த்துணர்தல், அதாவது சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, ஒருவர் நம்மை இணங்க வைக்கப் பயன்படுத்தும் உத்திகள். தேர்வுக்குப் படித்தோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்துவிட்டோம். ஆனால் இன்று நம் வங்கிக் கணக்கு, வேலை, ஓட்டு எல்லாவற்றிலும் இந்த மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நாமெல்லாம் பள்ளியிலேயே படித்த ஒரு வழக்கு போதும். சிலப்பதிகாரத்தில் வரும் கோவலன் கொலையும் கண்ணகி கேட்ட நீதியும்தான் அது. அதைக் கற்பின் கதையாகவும் நீதியின் கதையாகவும் நிறையப் பேசிவிட்டோம். இன்னொரு கோணமும் அதில் இருக்கிறது. ஒரு பேச்சை எப்படி நம்பக் கூடாது, எதை வைத்து நம்பலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

வழக்கு என்ன? ஒரு நிமிட ரீகேப்

புகார் நகரத்து வணிகர் குடும்பம் கோவலனுடையது. மாதவியோடு வாழ்ந்து செல்வத்தை இழந்த பிறகு, கண்ணகியோடு மதுரைக்கு வருகிறான். கையில் இருக்கும் ஒரே முதல் கண்ணகியின் கால் சிலம்பு. அதில் ஒன்றை விற்க மதுரைக் கடைவீதிக்குப் போகிறான்.

அங்கே அரண்மனைப் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசிக்குப் பொருத்தமான சிலம்பு ஒன்று இருக்கிறது, விலை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறான். கோவலனுக்குத் தெரியாத விஷயம், அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அந்தப் பொற்கொல்லன்தான். பழியைத் தூக்கிப் போட ஓர் ஆள் தானாக வந்து நிற்கிறான். பொற்கொல்லன் நேராக அரண்மனைக்குப் போய், 'சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான்' என்கிறான்.

பாண்டிய மன்னன் அப்போது ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில் ஊர்க்காவலர்களை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டு வாருங்கள் என்கிறான். கோவலன் கொல்லப்படுகிறான்.

விசாரணை இல்லை, எதிர்த்தரப்புக் கேள்வி இல்லை. ஒருவர் சொன்னார், ஒருவர் நம்பினார், ஓர் உயிர் போனது.

பொற்கொல்லன் எப்படி நம்ப வைத்தான்?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், ஒரு பேச்சு நம்மை 3 வழிகளில் இணங்க வைக்கிறது என்கிறார். பேசுபவர் மீது வரும் நம்பிக்கை முதல் வழி. கேட்பவரின் மனதில் எழும் உணர்ச்சி இரண்டாவது. பேச்சில் உள்ள காரணமும் ஆதாரமும் மூன்றாவது. எத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று இன்றும் மார்க்கெட்டிங் வகுப்பு முதல் எம்.பி.ஏ. வரை சொல்லித்தருவது இவற்றைத்தான். நாம் எளிமையாக ஆள், உணர்ச்சி, காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பாருங்கள். பொற்கொல்லன் மூன்றையும் பயன்படுத்துகிறான்.

முதலில் ஆள். கோவலன் அவனைப் பார்க்கும்போது அவன் தனியாக வரவில்லை. பின்னால் நூறு பொற்கொல்லர்கள் நடந்து வர, அதற்கேற்ற உடையில் முன்னால் வருகிறான். இவன் பாண்டியனிடம் பெயர்பெற்றவனாக இருக்க வேண்டும் என்று கோவலன் முடிவுகட்டுவது அந்தத் தோற்றத்தை வைத்துத்தான். மன்னனும் அவனை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அவன் அரண்மனை ஆள், நகையைப் பற்றித் தெரிந்தவன். நகை விஷயத்தில் நகைக்காரர் சொன்னால் நம்ப மாட்டோமா?

அடுத்தது உணர்ச்சி. அரசியின் சிலம்பு காணாமல் போயிருக்கிறது. அரசியோ கோபத்தில் இருக்கிறாள். மன்னனுக்குத் தேவை உடனடித் தீர்வு. அந்த நேரம் பார்த்துத் தீர்வோடு வந்து காலில் விழுகிறான் பொற்கொல்லன். அவன் தேர்ந்தெடுத்த 'டைமிங்'கே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்றாவது காரணம். 'சிலம்பு காணோம். இவன் கையில் சிலம்பு இருக்கிறது. எனவே இவன்தான் கள்வன்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. இவன் கையில் இருப்பது அதே சிலம்புதானா? ஒரே மாதிரி இருப்பதும் ஒன்றாகவே இருப்பதும் வேறு வேறு. அந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்ததில்தான் ஓர் உயிர் போனது.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. தன் அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து என்று மன்னனுக்குத் தெரியும். பின்னால் கண்ணகியிடம் அவனே அதைச் சொல்கிறான். அதாவது வழக்கைத் தீர்க்கத் தேவையான தகவல் ஆரம்பத்திலேயே அவன் தலைக்குள் இருந்தது. 'உள்ளே என்ன பரல் இருக்கிறது, பாருங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவன் கேட்கவில்லை.

சந்தேகப்பட்ட காவலர்கள்

இந்தக் காதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்குரிய கள்வன் மாதிரித் தெரியவில்லையே என்கிறார்கள்.

இதுதான் உய்த்துணர்தல். கண்ணில் பட்டதையும் தங்களுக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஆளின் தோற்றத்தை வைத்து முடிவெடுப்பது வலுவான ஆதாரம் இல்லைதான். நல்ல சட்டை போட்ட திருடர்களும் உண்டு. ஆனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அது வந்தால் அடுத்து செய்ய வேண்டியது சரிபார்ப்பது.

அங்கேதான் பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தை ஆடுகிறான். கள்வர்களுக்கு என்று ஒரு நூல் இருக்கிறது, அதில் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று 8 துணைகள் சொல்லப்பட்டிருக்கின்றன என்று பட்டியல் போடுகிறான். பட்டியல் வந்தால் நமக்கு மரியாதை வந்துவிடும். '8 காரணங்கள்' என்று தலைப்பு வைத்த செய்தியை நாம் கிளிக் செய்வது போல.

பிறகு ஒரு கதை. இளவரசனின் ஆரத்தைத் திருட வந்த ஒருவன், பகலில் தூதன் வேடத்திலும் இரவில் பெண் வேடத்திலும் வந்தானாம். இளவரசன் வாளை உருவிப் பாய்ந்தபோது, அவனைத் தூணோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு மறைந்துபோனானாம். சுவாரசியமான கதை. ஆனால் எதிரில் நிற்கும் கோவலனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. கதை மனதில் பயத்தை ஏற்றுகிறது. 'பார்த்தால் கள்வன் மாதிரித் தெரியவில்லை' என்ற சந்தேகத்தையே 'அப்படித் தெரியாததுதான் கள்வனின் திறமை' என்று திருப்பிவிடுகிறது. இனி கோவலன் எப்படி இருந்தாலும் அவன் கள்வன்தான்.

இந்த உத்தி பழசு இல்லை. 'இந்த உண்மையை மீடியா மறைக்கிறது' என்று தொடங்கும் ஃபார்வர்டுகள் இதையேதான் செய்கின்றன. ஆதாரம் இல்லையே என்று கேட்டால், ஆதாரம் இல்லாததுதான் மறைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் என்பார்கள். எந்தப் பதில் வந்தாலும் தோற்காத வாதம் என்றால், அதைச் சரிபார்க்கவே வழி இல்லை என்று அர்த்தம்.

அடுத்து ஓர் இளம் காவலன், தானே ஒரு மழை இரவில் ஒரு கள்வனிடம் வாளைப் பறிகொடுத்த அனுபவத்தைச் சொல்கிறான். அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கலங்குகிறான். பேச்சு இப்படி நடந்துகொண்டிருக்கும்போதே, குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகம் சரிதான். ஆனால் சந்தேகப்பட்டவர்கள் யாரும் சிலம்பைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

ஊகத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு

எந்த ஊகம் நிற்கும், எது நிற்காது என்று யோசிப்பதற்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தோடு இரட்டைக் காப்பியம் என்று சொல்லப்படும் மணிமேகலை அதை விரிவாகப் பேசுகிறது. 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைச் சொல்லித் தருகிறார். அங்கே ஓர் உதாரணம் வருகிறது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. அடுக்களையில் இருப்பது போல.

இதில் 3 பகுதிகளைக் கவனியுங்கள். ஒன்று, முடிவு: மலையில் நெருப்பு. இரண்டு, அதற்கான அடையாளம்: புகை. மூன்று, நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம்: அடுக்களை. அங்கே புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால்தான் மலையைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமை வருகிறது.

இந்த மூன்றாவது பகுதிதான் நம் அன்றாட ஊகங்களில் அடிக்கடி காணாமல் போகிறது. மேனேஜர் மீட்டிங்கில் நம்மைப் பார்க்கவில்லை. 'அவருக்கு என் மேல கோபம்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். அடையாளம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, அடுக்களை எங்கே? இதற்கு முன் கோபமாக இருந்தபோது அவர் இப்படித்தான் இருந்தாரா? இல்லை, தூக்கம் இல்லாத நாட்களிலும் இப்படித்தான் இருப்பாரா? இரண்டாவது சாத்தியமும் இருந்தால் நம் ஊகம் பலவீனமானது. அவ்வளவுதான் கணக்கு.

பாண்டியன் செய்ததும் இதே பிழை. கையில் சிலம்பு இருந்தால் கள்வன் என்றால், சொந்தச் சிலம்பை விற்க வந்தவன் கையிலும் சிலம்பு இருக்குமே? வேறு விளக்கம் சாத்தியமா என்ற கேள்வியே எழவில்லை.

கண்ணகியும் அதே மூன்றைத்தான் பயன்படுத்தினாள்

சரி, அப்போ ஆள், உணர்ச்சி இதெல்லாம் மோசடிக்காரர்களின் கருவிகளா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். வழக்குரை காதையைப் படித்தால் கண்ணகியும் அதே மூன்றையும் கையில் எடுப்பது தெரியும்.

தலைவிரி கோலம், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. வாயில் காவலன் அவளைக் கண்டு நடுங்கிப்போய்தான் மன்னனிடம் சொல்கிறான். இது உணர்ச்சி.

யார் நீ என்று மன்னன் கேட்டதும், ஆராயாத மன்னனே என்று தொடங்குகிறாள். புறாவுக்காகத் தன்னையே கொடுத்த மன்னனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னனும் ஆண்ட ஊர் புகார் என்கிறாள். அந்த ஊரில் மாசாத்துவான் மகன் கோவலன், அவன் மனைவி நான் என்கிறாள். இது ஆள். ஊர்ப் பெருமை பேசுவது மாதிரி இருந்தாலும், அதற்குள் மன்னனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீதி என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும், உனக்கு? அவள் அதை நேரடியாகக் கேட்கவில்லை. கேட்பவர் உய்த்துணர வேண்டும்.

மன்னன் பதில் சொல்கிறான். கள்வனைக் கொல்வது அநீதி இல்லை, அதுதான் அரச முறை. கேட்டீர்களா? அந்தக் காலத்து முறைப்படி அது சரியான விதிதான். ஆனால் இங்கே கேள்வி கள்வனைக் கொல்லலாமா என்பது இல்லை. கோவலன் கள்வனா என்பதுதான். நிரூபிக்க வேண்டியதையே நிரூபித்துவிட்டதாக வைத்துக்கொண்டு பேசுகிறான் மன்னன். டிவி விவாதங்களில் இந்த உத்தியைத் தினமும் பார்க்கலாம். 'தேசத்துரோகிகளைத் தண்டிக்கக் கூடாதா?' என்று கேட்டால் யார் கூடாது என்பார்கள்? அந்த ஆள் துரோகிதானா என்பது அந்தக் கேள்வியில் சத்தமில்லாமல் முடிந்துபோய்விடுகிறது.

கண்ணகி அந்தப் பொறியில் விழவில்லை. விதியைப் பற்றி வாதாடவே இல்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் மன்னன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பு கொண்டுவந்து வைக்கப்படுகிறது. கண்ணகி அதை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் மன்னனின் முகத்துக்கு நேராகத் தெறிக்கிறது. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நானே கள்வன் என்று மன்னன் விழுகிறான்.

இங்கேதான் இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. பொற்கொல்லனும் ஆள், உணர்ச்சி, காரணம் மூன்றையும் பயன்படுத்தினான். கண்ணகியும் பயன்படுத்தினாள். ஆனால் பொற்கொல்லனின் பேச்சு, சரிபார்க்கும் வழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போகிறது. கண்ணகியின் பேச்சு, தான் சொல்வது பொய்யானால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எதிராளிக்கே வழி சொல்லித்தருகிறது. உள்ளே முத்து இருந்திருந்தால் அவள் தோற்றிருப்பாள். தோற்கத் தயாராக இருந்தாள்.

கதை எதைப் பற்றியது? அது என்ன சொல்கிறது?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, மையக்கருத்து. சிலப்பதிகாரம் எதைப் பற்றியது என்று கேட்டால் 'ஒரு சிலம்பைப் பற்றி' என்று சொல்லலாம். அது பேசுபொருள். அந்தச் சிலம்பை வைத்து நூல் என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. நூலின் பதிகமே மூன்றைச் சொல்லிவிடுகிறது. அரசியலில் பிழை செய்தவர்களுக்கு அறமே எமனாகும், புகழுடைய பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்து பலனைத் தரும்.

எல்லா எழுத்தும் இப்படி முன்கூட்டியே சொல்லிவிடாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பேசுபொருளை ஒரு சொல்லில் சொல்லுங்கள். பிறகு, 'அதைப் பற்றி இது என்ன சொல்லுது?' என்று கேட்டு ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். 'வேலை' என்பது பேசுபொருள். 'வார இறுதியிலும் உழைப்பவனே முன்னேறுவான்' என்பது மையக்கருத்து. லிங்க்ட்இன் பதிவு ஒன்றைப் படித்துவிட்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அந்தப் பதிவு பிடித்திருந்தாலும், அந்த வாக்கியத்தை நீங்கள் ஏற்கிறீர்களா என்பது தனிக் கேள்வி என்று புரியும்.

சரி, இதுக்கும் என் போனுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கிறது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியை எடுத்துக்கொள்வோம். மாதிரிக்கு ஓர் அழைப்பு இப்படித் தொடங்கும்:

'உங்க ஆதார் நம்பர்ல அனுப்பின பார்சல்ல போதைப்பொருள் பிடிபட்டிருக்கு. உங்க மேல கேஸ் பதிவாகியிருக்கு. அதிகாரி வீடியோ கால்ல வருவார், கட் பண்ணாதீங்க. விசாரணை ரகசியமானது, வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க பணத்தைச் சரிபார்க்க இந்தக் கணக்குக்கு மாத்துங்க. நீங்க குற்றமில்லைன்னா திரும்ப வந்துடும்.'

இப்போது மூன்று கேள்விகளையும் போடுங்கள்.

முதலில் உத்திகள். ஆள்: திரையில் போலீஸ் சீருடை, பின்னால் அலுவலகம் போன்ற அமைப்பு. நூறு பேர் பின்தொடர வந்த பொற்கொல்லன் மாதிரிதான். உணர்ச்சி: பயம், அவமானம், அவசரம். காரணம்: உங்கள் ஆதார் எண், எனவே உங்கள் பார்சல், எனவே நீங்கள் குற்றவாளி. உங்கள் எண் அவர்களிடம் இருப்பதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாதா? நாம் எத்தனை இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறோம்?

அடுத்து உய்த்துணர்தல். சொல்லாமல் விட்டது என்ன? எந்தக் காவல் நிலையம், எந்த வழக்கு எண், நேரில் வந்து பார்க்கலாமா என்பதற்கெல்லாம் தெளிவான பதில் இருக்காது. நமக்குத் தெரிந்த அடுக்களையோடு ஒப்பிடுங்கள். ஒருவரின் பணம் நியாயமானதா என்று பார்க்க அதை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் காவல்துறையை யாராவது பார்த்திருக்கிறோமா?

கடைசியாக மையக்கருத்து. பேசுபொருள் பார்சல். ஆனால் ஒவ்வொரு வரியும் நம்மை எங்கே தள்ளுகிறது? 'தனியா இரு, யோசிக்காதே, பணம் அனுப்பு.' பார்சலை எடுத்துவிட்டு வரி ஏய்ப்பு, சிம் கார்டு, மகன் விபத்து என்று எதைப் போட்டாலும் இந்த மூன்று கட்டளைகள் மாறாது. மையக்கருத்தைப் பிடித்துவிட்டால், நாளைக்குப் புதுக் கதையோடு வரும் அழைப்பையும் அடையாளம் கண்டுவிடலாம். அதனால்தான் மோசடிகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பயனுள்ளது.

இந்திய சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மன் கீ பாத்' நிகழ்ச்சியில் பிரதமர் மோடியும் இதைச் சொல்லி, நில், யோசி, நடவடிக்கை எடு என்று மூன்று படிகளை வலியுறுத்தினார். இங்கே சிலம்பை உடைப்பது என்றால், அழைப்பைத் துண்டிப்பது. காவல் நிலைய எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுவது. வீட்டில் ஒருவரிடம் சொல்வது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் செய்யலாம்.

விளம்பரம், மெயில், கருத்துக் கட்டுரை

எல்லாம் மோசடியாக இருக்க வேண்டியதில்லை. உண்மையை மட்டுமே சொல்லி, தவறான முடிவை நம்மையே எடுக்க வைக்கலாம்.

'பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடத்தில் மனை' என்ற விளம்பரத்தில் பொய் இல்லாமல் இருக்கலாம். காரிலா, நடந்தா? அதிகாலை 4 மணிக்கா, மாலை 6 மணிக்கா? அது சொல்லப்படவில்லை. 'விலை ரூ.15 லட்சம் முதல்' என்பதில் முக்கியமான சொல் கடைசிச் சொல்தான். '90% வரை தள்ளுபடி' என்பதில் 'வரை'தான் முக்கியம். அங்கே பொய் சொன்னவர் யாருமில்லை. இடைவெளியை நிரப்பியது நம் ஊகம்.

ஆபீஸ் மெயிலிலும் இது உண்டு. 'குழு அமைப்பில் சில மாற்றங்கள் செய்யப்பட உள்ளன' என்ற வாக்கியத்தில் செய்பவர் யார் என்பது இல்லை. யார் முடிவெடுத்தார், எப்போது, யாருக்குப் பாதிப்பு? கேட்க வேண்டிய கேள்விகள் அந்த வாக்கியத்தின் ஓட்டைகளிலேயே இருக்கின்றன. அதே நேரம், 'வேலை போகப்போகுது' என்று உடனே முடிவுகட்டுவதும் பாண்டியன் செய்த அதே குதிப்புதான். தெரியாததைத் தெரியாதது என்று குறித்துக்கொண்டு, கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

கருத்துக் கட்டுரை படிக்கும்போது ஒரு சோதனை செய்யலாம். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் வாதம் நிற்கிறதா? பிறகு உணர்ச்சிச் சொற்களை எடுத்துவிட்டுப் படியுங்கள். என்ன மிச்சம் இருக்கிறது? நமக்குப் பிடித்த தலைவர் எழுதியதை இப்படிப் படிப்பதுதான் கஷ்டமான பயிற்சி. பிடிக்காதவர் எழுதியதை நாம் ஏற்கெனவே இப்படித்தான் படிக்கிறோம். யார் வாயிலிருந்து வந்தாலும் அந்தப் பொருளின் உண்மையைக் காண்பதே அறிவு என்று அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆவது குறள் சொல்வது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

அப்போ எதையுமே நம்பக் கூடாதா?

இது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. மருத்துவர் சொல்வதை நம்புகிறோம், மேப் காட்டும் வழியை நம்புகிறோம். நம்பத்தான் வேண்டும்.

கண்ணகியின் கண்ணீரைப் பார்த்து, 'இது வெறும் எமோஷனல் டிராமா' என்று மன்னன் ஒதுக்கியிருந்தால் அதுவும் அநீதியாகத்தான் முடிந்திருக்கும். உணர்ச்சியோடு பேசுவதால் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. பாதிக்கப்பட்டவர் நிதானமாகப் பேசினால்தான் நம்புவோம் என்பதும் ஒரு தவறான வாசிப்புதான். நம் மனதில் எழும் உணர்ச்சியை 'கவனி' என்ற சிக்னலாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு சரிபார்ப்பது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. தவறாக நம்பினால் என்ன போகும் என்று பாருங்கள். சினிமா விமர்சனத்தை நம்பி ஏமாந்தால் டிக்கெட் காசும் மூன்று மணி நேரமும் போகும். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம். பணம், வேலை, உடல்நலம், இன்னொருவரின் பெயர், ஒரு சமூகத்தின் மீதான பழி என்று வந்தால் நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும். இழப்பைத் திரும்பப் பெற முடியாது என்றால் அவசரமே கூடாது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க 5 கேள்விகள்

1. இதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் என்ன? பேசுபொருளை இல்லை, அதைப் பற்றி இது சொல்வதை எழுதுங்கள்.

2. படித்ததும் எனக்கு என்ன உணர்ச்சி வருது? பயமா, கோபமா, பெருமையா, பேராசையா? அந்த உணர்ச்சியால் யாருக்கு லாபம்?

3. சொல்பவர் யார்? இந்த விஷயத்தில் அவருக்கு உண்மையிலேயே தெரியுமா, இல்லை தெரிந்தவர் மாதிரி வந்து நிற்கிறாரா?

4. இதே அடையாளங்களுக்கு வேறு விளக்கம் இருக்க முடியுமா? என் அடுக்களை எது?

5. இது பொய் என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பேன்? அதற்கு வழி இருக்கிறதா, இல்லை எல்லா வழியையும் மூடியிருக்கிறார்களா?

ஐந்தையும் கேட்க நேரம் இல்லை என்றால் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்க ஆகும் நேரம் சில நொடிகள்தான். மதுரையில் அன்று அந்தச் சில நொடிகளை ஒதுக்க மன்னனும் முன்வரவில்லை, காவலர்களும் முன்வரவில்லை. கடைசியில் சிலம்பு உடைந்தபோது உண்மை தெரிந்தது. ஆனால் கோவலன் திரும்ப வரவில்லை.